எங்கே இறங்குவது, எங்கே மாறுவது: சென்னைக்குப் புதியவர்களுக்கான பயணக் கணக்கு

தெற்கேயிருந்து ரயிலில் சென்னைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் எழும்பூருக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். டிக்கெட் அதுவரை இருப்பதாலேயே எழும்பூரில் போய் இறங்குவார்கள். வேளச்சேரியில் மகன் வீட்டுக்குப் போகிறவர், கிண்டியில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், மேடவாக்கத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர், எல்லோரும் அப்படித்தான். இறங்கிய பிறகுதான் வழி கேட்பார்கள். வந்த பக்கமே திரும்பத் தெற்கே போகச் சொல்லிப் பதில் வரும். தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நின்றுவிட்டுத்தான் எழும்பூர் போகின்றன. சில மாம்பலத்திலும் நிற்கும். தாம்பரத்திலேயே இறங்கியிருந்தால் ஒரு மணி நேரமாவது மிச்சமாகியிருக்கும். மூட்டை முடிச்சோடும் வயதானவர்களோடும் வருகிற குடும்பத்துக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

பஸ்ஸில் வருகிறவர்களின் கதை வேறு மாதிரி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. முன்பு கோயம்பேடு வரை வந்த தென்மாவட்ட அரசுப் பஸ்கள் அதன்பிறகு வண்டலூருக்கு முன்பே அங்கே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து சென்ட்ரல் முப்பது கிலோமீட்டருக்கு மேல். "சென்னை வந்தாச்சு" என்று வீட்டுக்குப் போன் செய்த பிறகும் இன்னும் ஒரு பயணம் பாக்கி இருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியை ஊரிலிருந்து கிளம்பும்போதே யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு.

புதியவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வரைபடத்தில் தெரியும் தூரத்தை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள். எந்த வண்டி அடிக்கடி வருகிறது, எந்த இடத்தில் வண்டி மாறுவது சுலபம், இந்த இரண்டையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக அமையும்.

எல்லா வழியும் ஏன் பாரிஸ் பக்கமே போகிறது

சென்னையின் போக்குவரத்து ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோட்டை, துறைமுகம், ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்கள் எல்லாம், பேச்சில் பாரிஸ் என்று சொல்லும் வடகிழக்கு மூலையில் இருந்தன. 1856-ல் ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் வந்ததும் அந்த மூலையில்தான். 1873-ல் சென்ட்ரல், 1908-ல் எழும்பூர், 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் என்று ஒவ்வொன்றும் அங்கிருந்தே கிளம்பின. அண்ணா சாலையும் ஈ.வெ.ரா. பெரியார் சாலையும் அப்படித்தான் விரிகின்றன. கிழக்கே கடல் இருப்பதால் ஊர் ஒரு பக்கமாக மட்டுமே வளர்ந்தது. ஆகவே மையத்திலிருந்து வெளியே போவதும், வெளியிலிருந்து மையத்துக்கு வருவதும் இங்கே சுலபம். ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குக் குறுக்கே போவதுதான் பாடு. தாம்பரத்திலிருந்து பூங்கா நிலையத்துக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் போல ஆகும், டிக்கெட் பத்து ரூபாய். போரூரிலிருந்து பெருங்குடிக்கு அதைவிடத் தூரம் குறைவு. ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்தப் பயணத்தைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

இந்தக் குறையைச் சரிசெய்த முதல் ரயில் பாதை என்று மெட்ரோவின் பச்சை வழித்தடத்தைச் சொல்லலாம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே அது ஓடத் தொடங்கியபோது, நூறடிச் சாலையை ஒட்டி, மையத்திலிருந்து விரியும் சாலைகளுக்குக் குறுக்கே ஓடியது. இன்று சென்ட்ரலில் கிளம்பி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் என்று வளைந்து பரங்கிமலையில் முடிகிறது. நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி வழியாக விமான நிலையம் போகிறது. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயில், கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில், சென்ட்ரல் புறநகர் முனையத்திலிருந்து அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் போகும் ரயில்கள், இவற்றையும் சேர்த்தால் சென்னையின் தண்டவாளங்கள் அவ்வளவுதான். ஒரு தாளில் கையால் வரைந்துவிடலாம். வரைந்து பார்க்கச் சொல்வேன். செயலி காட்டும் வழியைப் பார்ப்பதைவிட, நாமே வரைந்த கோடு மனதில் நிற்கும்.

வரைந்ததும் சந்திப்புகளைக் குறியுங்கள். தாம்பரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் முக்கியம்: பரங்கிமலை, கிண்டி. கோயம்பேடு, வடபழனி, அண்ணா நகர் போக வேண்டுமென்றால் பரங்கிமலையில் மின்சார ரயிலை விட்டு இறங்கிப் பச்சை மெட்ரோ ஏறலாம். அது அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கும், ஆலந்தூரில் மறுபடி மாறவும் வேண்டியதில்லை. ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., தேனாம்பேட்டை என்றால் கிண்டியில் நீல மெட்ரோ. தி. நகர் என்றால் மெட்ரோவே வேண்டாம். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு ரயில் நிலைய வாசலிலேயே ஆரம்பிக்கிறது.

சென்ட்ரல்: ஒரே இடத்தில் ஐந்து நிலையங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் சென்ட்ரல். அங்கே சாலையின் வடக்கே செங்கல் கட்டடத்தில் வெளியூர் ரயில்கள் நிற்கும் பெரிய நிலையம். அதை ஒட்டியே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி ரயில்கள் கிளம்பும் புறநகர் முனையம். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்பதும் அதுவே. தரைக்குக் கீழே மெட்ரோ. சாலையின் தெற்கே, தாம்பரம் ரயில்கள் நிற்கும் பூங்கா நிலையம். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் அந்தப் பக்கம், பறக்கும் ரயில் நிற்கும் பூங்கா நகர் நிலையம். பூங்கா, பூங்கா நகர் என்று பெயர்கள் ஒட்டி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. "சென்ட்ரலில் தாம்பரம் ரயில் எந்தப் பிளாட்பாரம்?" என்று பெரிய நிலையத்துக்குள் நின்று கேட்பவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். அங்கே அந்த ரயில் வருவதே இல்லை. ஈ.வெ.ரா. பெரியார் சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏற வேண்டும்.

கிளாம்பாக்கத்தில் விடிகாலையில் இறங்கி அந்த மருத்துவமனைக்குப் போக வேண்டியவரை எடுத்துக்கொள்வோம். தென்மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் எத்தனையோ பேர் செய்யும் பயணம் இது. சென்ட்ரல், பாரிஸ் பக்கம் போகும் மாநகரப் பஸ்ஸில் ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம். விடிகாலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலை காலியாக இருக்கும். அந்த நேரத்தில் பஸ்ஸே நல்லது, நோயாளியை ஏற்றி இறக்கும் சிரமமும் இல்லை. அதே பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறினால் பல்லாவரத்திலும் கத்திப்பாராவிலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது தாம்பரம் வரை மட்டும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையம் போவது உத்தமம். பூங்கா நிலையம் மருத்துவமனை இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சாலையைக் கடக்க வேண்டியதில்லை. அந்த நேரத்து ரயிலில் கூட்டம் இருக்கும்தான். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்க வேண்டியவருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்ற உறுதி தேவை. அதைத் தருவது தண்டவாளம்தான். ஒரே ஆள், ஒரே இடம், மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் வழியே மாறிவிடுகிறது.

இன்னொரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். எழும்பூரிலிருந்து திருவான்மியூர் டைடல் பார்க் பக்கம் போகிறவர்களுக்கு, பூங்காவில் இறங்கிப் பூங்கா நகருக்கு நடக்கும்படி வழி காட்டப்படுவதுண்டு. கையில் பெட்டி இருந்தால் அதைச் செய்ய வேண்டாம். இன்னும் ஒரு நிலையம் போய்க் கோட்டையில் இறங்குங்கள். தாம்பரம் ரயிலும் பறக்கும் ரயிலும் இரண்டுமே அங்கே நிற்கின்றன. தெருவுக்கு வராமல் மாறிவிடலாம். வரைபடத்தில் இது சுற்று வழி. நெரிசலான நடைபாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதோடு ஒப்பிட்டால் இதுதான் நேர் வழி.

காத்திருப்பின் கணக்கு

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பஸ்கள் சீரான இடைவெளியில் வந்தால் அது சரி. இரண்டு இரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால்? மணிக்கு ஆறு பஸ் என்ற எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆனால் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடமாகிவிடும், இரண்டு மடங்கு. அட்டவணைப்படி எந்தப் பஸ்ஸும் குறையவில்லை. பயணிக்கு மட்டும் பாதிப் பஸ் காணாமல் போய்விட்டது.

"வந்தா ரெண்டு மூணா வரும், இல்லேன்னா ஒண்ணும் வராது" என்று ஸ்டாப்பில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வதற்குப் பின்னால் எளிய காரணம் இருக்கிறது. ஒரு பஸ் சிக்னலில் மாட்டி நாலு நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் வழக்கத்தைவிட அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற இன்னும் நேரமாகும், தாமதம் கூடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆள் குறைவு. ஏற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்பி முன்னதைப் பிடித்துவிடும். ஓட்டுநர்கள் மீது கோபப்பட்டுப் பயனில்லை. தனித் தடம் இல்லாத சாலையில் உலகத்தில் எந்த நகரத்துப் பஸ்ஸுக்கும் இதுதான் நடக்கும். தண்டவாளத்தில் ஓடுவதற்கு இந்தச் சிக்கல் மிகவும் குறைவு. நெரிசல் நேரத்தில் மெட்ரோ ஆறு நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, வண்ணாரப்பேட்டை - ஆலந்தூர் இடையே அதைவிட நெருக்கமாக. பறக்கும் ரயில் அப்படியல்ல. கால் மணி, இருபது நிமிடம் என்று இடைவெளி இருக்கும். ஆகவே பறக்கும் ரயிலுக்கு மட்டும் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்த நடைமுறை: நீண்ட தூரத்தைத் தண்டவாளத்தில் கடந்துவிடுங்கள், பஸ்ஸைக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிதாக வரும் வண்டியைப் பயணத்தின் நடுவில் வைக்கவே கூடாது. முதலில் வைத்தால் நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்பலாம். கடைசியில் வைத்தால் தவறிப்போனாலும் ஆட்டோவோ நடையோ கைகொடுக்கும். நடுவில் வைத்தால் முன்னே வந்ததன் தாமதமும் பின்னே போக வேண்டியதன் அவசரமும் அங்கே சேர்ந்துகொள்ளும்.

பஸ் எண்ணை மட்டும் நம்பினால்

செயலி உங்களுக்கு ஒரு பஸ் எண்ணைச் சொல்லும். புதியவர்கள் அந்த எண்ணுக்காகவே நிற்பார்கள். கண்ணெதிரே நாலு பஸ் போகும், ஏற மாட்டார்கள். அண்ணா சாலையில் சைதாப்பேட்டைக்கும் எல்.ஐ.சி.க்கும் இடையே எத்தனையோ எண்கள் ஒரே சாலையில் ஓடுகின்றன. அந்த நீளத்துக்குள் பயணம் என்றால் எந்த எண்ணும் சரிதான். "சைதாப்பேட்டை போகுமா?" என்று கேட்டு ஏறினால் இருபது நிமிடக் காத்திருப்பு இரண்டு நிமிடமாகும். கூட நிற்பவரிடம் கேளுங்கள். சென்னையில் பஸ் ஸ்டாப்பில் வழி கேட்டுப் பதில் சொல்லாமல் போனவர்கள் அரிது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும், 23சி அயனாவரத்திலிருந்து பெசன்ட் நகர் போகும். எழுத்து மாறினால் தடம் மாறும், சில நேரம் ஊரின் வேறு கோடிக்கே போய்விடும். எக்ஸ் சேர்ந்திருந்தால் வழக்கமான இடத்தைத் தாண்டியும் நீளும் பஸ். கட் சர்வீஸ் என்றால் பாதி வழியில் நின்றுவிடும். நீங்கள் இறங்க வேண்டிய இடம் அந்தப் பாதிக்குள் இருந்தால் தாராளமாக ஏறலாம், கூட்டமும் குறைவாக இருக்கும். கண்டக்டரிடம் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு ஏறுவதே பாதுகாப்பு. ஸ்டாப்பின் பெயரும் செயலியில் ஒன்று, வாய்வழக்கில் ஒன்று இருக்கும். பிராட்வே என்று திரையில் வந்தால் கண்டக்டர் "பாரிஸ்" என்று கூவுவார். ஜெமினி, டி.வி.எஸ். என்று பழைய அடையாளங்களே இன்றும் இடங்களைக் காட்டுகின்றன.

கட்டணமும் வழியை மாற்றும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். வெள்ளைப் போர்டு இருக்கும். பல பஸ்களின் முன்பக்கம் இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பதால் தூரத்திலேயே தெரியும். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களுக்கு மாதக் கடைசியில் இது எவ்வளவு பெரிய தொகை என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு விரைவு வழியைவிட இந்தப் பஸ் வரும் வழியே சிறந்த வழியாக இருக்கலாம். செயலிக்கு இது புரியாது.

மாநகரப் பஸ்ஸில் ஒவ்வொரு முறை மாறும்போதும் புது டிக்கெட் எடுக்க வேண்டும். அதனாலேயே பலர் நேர் பஸ்ஸுக்காக நெடுநேரம் நிற்கிறார்கள். சென்னையில் மாதக் கணக்கில் தங்கப் போகிறவர்கள் 1,000 ரூபாய் மாதப் பாஸ் வாங்கிவிட்டால் இந்தத் தயக்கம் போய்விடும். வந்த பஸ்ஸில் ஏறி, பெரிய சந்திப்பில் இறங்கி, அடுத்ததைப் பிடிக்கலாம். இப்படிச் சுற்றியவர்களுக்கு ஊரும் சீக்கிரம் பழகிவிடும்.

செயலிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

2005-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, ஸ்டாப்புகள், தடங்கள், நேரங்கள் ஆகியவற்றை ஒரே மாதிரிக் கோப்புகளாக எழுதி வைக்கும் முறையைக் கொண்டுவந்தன. ஜி.டி.எஃப்.எஸ். என்று அதற்குப் பெயர். இன்று உலகெங்கும் வழிகாட்டும் செயலிகள் பெரும்பாலும் அந்தக் கோப்புகளைத்தான் படிக்கின்றன. சாலையில் குறுகிய வழி தேடும் கணக்கைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-லேயே வெளியிட்டார். ஆனால் பஸ், ரயிலில் வழி என்பது நேரத்தோடு மாறுவது. எட்டு மணிக்கு இருக்கும் வழி எட்டேகாலுக்கு இருக்காது. 2012-ல் வெளியான ராப்டர் என்ற முறை இதை வேறு விதமாக அணுகியது. முதல் சுற்றில் ஒரே வண்டியில் எங்கெல்லாம் போகலாம் என்று பார்க்கும். அடுத்த சுற்றில் ஒருமுறை மாறினால் எங்கெல்லாம், பிறகு இரண்டு முறை மாறினால் என்று போகும். மாறுவது குறைவான வழி ஒன்று, சீக்கிரம் சேரும் வழி ஒன்று என்று சில தேர்வுகள் திரையில் வருவது இத்தகைய கணக்கினால்தான்.

இந்தக் கணக்கு அட்டவணையை நம்புகிறது. நேரடி இருப்பிடத் தகவல் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். மாநகரப் பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் 'சென்னை பஸ்' செயலி 2022-ல் வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கப்பட்டது. இரண்டும் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனாலும் திரையில் முதலில் வரும் வழியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒன்றைச் செய்யுங்கள். கிளம்பும் நேரத்தைக் கால் மணி முன்னே தள்ளிப் பாருங்கள், பின்னே தள்ளிப் பாருங்கள். மூன்று முறையும் அதே வழி வந்தால் அது உறுதியான வழி. ஒருமுறை மட்டும் வந்து மறைந்துவிட்டால், எங்கோ ஒரு வண்டி நூலிழையில் இணைகிறது என்று பொருள். அது தவறினால் எல்லாம் தவறும். ஐந்து நிமிடம் கூடுதலாகக் காட்டினாலும் உறுதியான வழியையே எடுங்கள்.

'நடை: மூன்று நிமிடம்' என்று வரும் இடங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அவசியம். ஜி.எஸ்.டி. சாலையின் எதிர்ப்பக்க ஸ்டாப்பைப் புள்ளியாகப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும். நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதும், சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ எங்கே இருக்கிறது என்பதும் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கத்திப்பாராவில் மேம்பாலத்தின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை ஆலந்தூர் மெட்ரோவை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஒரு கைக்குழந்தையோடு தப்பான பக்கம் இறங்கி நிற்பது கொடுமை.

வரைபடமே மாறிப்போவதும் உண்டு. கடற்கரை - எழும்பூர் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. மேலே சொன்ன கோட்டை நிலைய மாற்றம் அந்த ஓராண்டுக்கு மேல் நடக்காத காரியம். பராமரிப்புப் பணிக்காக ரயில்கள் ரத்தாவதாகத் தெற்கு ரயில்வே அவ்வப்போது அறிவிக்கும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையிலும் ரயில்கள் குறைவு. தேர்வோ, திருமணமோ, விமானமோ ஞாயிறன்று என்றால் சனிக்கிழமை மாலையே செய்தியைப் பார்த்துவிட வேண்டும்.

திரும்பும் வழியையும் போகும்போதே முடிவு செய்யுங்கள். மெட்ரோ காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினோரு மணி வாக்கில் முடிகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் இடைவெளி கூடிவிடும். மின்சார ரயில் அதைவிடச் சற்று நேரம் ஓடும். இரவு ஒன்பதுக்குப் பிறகு பல தடங்களில் பஸ் மிகவும் குறைந்துவிடுகிறது. காலையில் வந்த பஸ்ஸே இரவிலும் வரும் என்று நம்பி, ஆள் நடமாட்டம் இல்லாத ஸ்டாப்பில் ஒரு பெண் தனியாக நிற்க நேரக் கூடாது. இரவுக்கு வழி மாறினாலும் பரவாயில்லை. வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் வழியாக இருக்கட்டும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். அதில் என்னை அதிகம் கவர்வது மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம். கோயம்பேடு, வளசரவாக்கம், ஆலந்தூர், மேடவாக்கம் என்று ஊரை வெளியே சுற்றிக்கொண்டு, பாரிஸையோ சென்ட்ரலையோ தொடாமல் போகிறது. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி தடம் வடபழனியில் பச்சை வழித்தடத்தைச் சந்திக்கிறது. மாதவரம் - சிறுசேரி தடம் திருமயிலையில் பறக்கும் ரயிலை ஒட்டி வருகிறது. இந்தப் பணிகளுக்காகப் பல சாலைகளில் பஸ்கள் சுற்றி விடப்படுகின்றன, ஸ்டாப்புகளும் இடம் மாறியிருக்கின்றன. ஆகவே பணி நடக்கும் பக்கம் போகிறவர்கள் செயலி சொல்லும் பஸ் நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டிக்கொள்வது நல்லது.